ஒரு சீர் குறைந்தது

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் இறந்துபோன என் நண்பனின் பதினாறாம் நாள் காரியத்தில்தான் அந்தத் தமிழ்ப் புலவரைப் பார்த்தேன். எண்ணெய் வழியும் தலை, மடிப்புக் கலையாத ஜிப்பா. யார் எதைப் பேசினாலும், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு அசை எண்ணிக்கொண்டிருந்தார்.

நண்பனுக்கு ஒரு பழைய கையறுநிலைப் பாட்டு மிகவும் பிடிக்கும். இறந்தவரை நினைத்து அழும் அந்தப் பாட்டை அவன் தம்பி எழுந்து நின்று படித்தான். மூன்றாவது அடியின் முதல் சொல்லில் அழுதுவிட்டான். அதை விட்டுவிட்டு மீதியைப் படித்து முடித்தான். கூடத்தில் எல்லோரும் அழுதோம்.

புலவர் எழுந்தார்.

"தம்பி, மூணாவது அடியில மொத சொல்ல முழுங்கிட்டீங்க. ஒரு சீர் குறையுது, எதுகையும் போச்சி. திருப்பிப் படிங்க."

நண்பனின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். தம்பி மறுபடி படித்தான். புலவர் விரல்களில் சரிபார்த்துத் தலையாட்டினார்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். புவனகிரி தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பாட்டு எதப் பத்தினதுங்க, ஐயா?"

"நேரிசை ஆசிரியப்பா," என்றார் சந்தோஷமாக.

நான் எழுந்துபோய், கம்பியைப் பிடித்து நின்றபடியே கடலூர் வந்து சேர்ந்தேன். அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை; பா வகையின் பெயரையே உண்மையான பதிலாகச் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.