மன்றாட்டில் கேட்ட என் பெயர்

எனக்குப் புற்றுநோய் என்று எனக்கு முதலில் சொன்னது டொக்டர் இல்லை. கண்டக்குழிக் கோயிலில், பூசை நடுவே மன்றாட்டு வாசித்த பிள்ளை.

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. என் மார்பிலிருந்த கட்டியைச் சோதித்த முடிவு வந்திருந்தது. சின்னக் கட்டிதான், பயமில்லை என்று வீட்டில் சொன்னார்கள். பூசைக்கு வரவேண்டாம், படுத்திரு என்று விட்டுப் போனார்கள். எனக்குப் படுக்கை ஒத்துவராது. பிந்திப் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். புற்றுநோயால் வருந்தும் எங்கள் சகோதரி ரெஜினாவுக்காக என்று அந்தப் பிள்ளை வாசித்தாள். கேட்டருளும் ஆண்டவரே என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் வேறு ரெஜினா இல்லை.

சாவுப் பயம் ஒரு பக்கம், அதைவிடக் கோபம். ஊருக்கே தெரிந்த வருத்தம், அதைச் சுமக்கிற எனக்குத் தெரியாது! பிறகு விசாரித்தால், என் கணவர் அந்தோனியும் அவருடைய அண்ணனான அத்தானும் டொக்டரோடு கதைத்து, மார்பை முழுதாக எடுக்க முடிவும் செய்து, கோயிலில் என் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நான் தாங்கமாட்டேனாம். சிலாபம் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசிக் கருவாடு விற்கிறவள் நான்.

எல்லாரும் போன பிறகு பீடத்துக்கு முன்னால் அழுதேன். சுகம் கேட்கவில்லை. டொக்டருக்கு முன்னால் என் வாய் அடைத்துப்போகக் கூடாது ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

கிளினிக்கில் வழக்கம்போல அத்தான்தான் டொக்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் சுவரோரம் நின்றேன். இந்தமுறை முன்னால் போய், முழுதாக எடுக்காமல் வேறு வழி இல்லையா என்று சிங்களத்தில் கேட்டேன். டொக்டர் அத்தானை எழும்பச் சொல்லிக் கதிரையை எனக்குத் தந்தார். படம் கீறி விளக்கினார். கட்டியை மட்டும் எடுக்கலாம், ஆனால் கிழமைக்கணக்கில் கொழும்பில் தங்கிக் கதிர் சிகிச்சை எடுக்க வேண்டும். முழுதாக எடுத்தால் எனக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. உயிருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பிள்ளைகளை விட்டு அவ்வளவு காலம் இருக்க என்னால் முடியாது. முழுதாகவே எடுங்கள் என்றேன்.

வெளியே வந்ததும் அத்தான் பிடித்துக்கொண்டார்.

"இதைத்தானே பிள்ள நாங்களும் சொன்னம். இதுக்கா இவ்வளவு சண்டை?"

"ஓம் அத்தான். இதுக்குத்தான்."

அந்தோனி பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

ஒப்பரேஷன் முடிந்து இப்போது மருந்தில் இருக்கிறேன். முழுச் சுகம் என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் பீடத்துக்கு முன்னால் கேட்டது கிடைத்தது. விசுவாசம் இருந்தால் டொக்டரிடம் கேள்வி எதற்கு என்று கோயிலுக்கு வரும் உங்களில் சிலர் கதைப்பது என் காதுக்கும் வந்தது. இயேசுகூடக் குருடனிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தானே சுகமாக்கினார்? முழந்தாளில் நின்று மன்றாடுங்கள். பிறகு எழும்பிப் போய்க் கேளுங்கள். அவர் உங்களோடு வருவார்.

போன ஞாயிறு மன்றாட்டு வாசிக்க நானே போனேன். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் ரெஜினா, அதாவது நான், நன்றி சொல்லி மன்றாடுகிறேன் என்று வாசித்தேன். முன் வாங்கிலிருந்து அத்தான்தான் முதலில் கேட்டருளும் ஆண்டவரே என்று பதில் சொன்னார்.