பிரியாணிக்கு ஒன்பது மார்க்

எவர்சில்வர் டம்ளரில் வைன் ஊற்றினால் ஒரு துரு வாசனை வரும். அது வைனுடையதா டம்ளருடையதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை...

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்த நாட்கள். கல்யாணமாகி இரண்டு வருடம். சாம்பிள் பார்க்க வந்த இத்தாலிக்கார பையர் ஒருத்தர், மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்று ஒரு டின்னரில் பாடம் எடுத்துவிட்டுப் போனார். அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துக்கொண்டது.

மாதம் ஒரு முறை வேலூர் போய், இருப்பதிலேயே விலை கம்மியான பாட்டிலைத் தேடி வாங்கி வருவேன். வைன் கிளாஸ் எல்லாம் கிடையாது. கார்க் பிடுங்குகிற வேலையும் இல்லை, திருகு மூடிதான். பழைய டைரி ஒன்றில் மார்க் போடுவேன். கருவாட்டுக் குழம்புக்கு வெள்ளை, இரண்டு மார்க். மசால் வடைக்குச் சிவப்பு, ஏழு. ரசம் சாதத்துக்கு எதுவுமே தேறவில்லை.

என் மனைவி செல்வி ஒரே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, இருமல் மருந்து மாதிரி இருக்குது. இதுக்கு மார்க் வேற..."

எனக்கு அதெல்லாம் காதில் விழாது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பேன். மறுநாள் ஃபேக்டரியில் நாலு பேர் "இன்னா சார், அடுத்த காம்பினேஷன் இன்னா?" என்று கேட்டால் போதும், கால் தரையில் பாவாது.

பக்கத்து வீடு ஜமீல் பாய். எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். எங்களுக்கு அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். செல்வி காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரமும் எங்களுக்குக் கஞ்சியும் சோறும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் மனைவி நஸீமாவை நாங்கள் அண்ணி முறையில் பாபி என்று கூப்பிடுவோம்.

அந்த வருட பக்ரீத் மதியம் பாபி வீட்டு பிரியாணி வந்தது. பெரிய எவர்சில்வர் தூக்குவாளி நிறைய. மூடியைத் திறந்ததும் சீரக சம்பாவும் மிளகாய் விழுதும் கறியும் கலந்த அந்த மணம்... கூடவே புளிப்பாகக் கத்திரிக்காய்.

என் புத்தி எங்கே போனது பாருங்கள். ஃபிரிட்ஜில் பாதி பாட்டில் சிவப்பு மிச்சம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்குவாளியை வைத்து, பாட்டிலை அதை ஒட்டினாற்போல் நிறுத்தி, டம்ளரிலும் ஊற்றி, ஒரு போட்டோ. "பக்ரீத் பிரியாணி, ரெட் வைன். பத்துக்கு ஒன்பது. இதுவரைக்கும் இதுதான் பெஸ்ட்." ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

நம் பக்கம் பேர் வெட்டாமல் யாராவது சீர்ப் பாத்திரம் கொடுப்பார்களா? அந்தத் தூக்குவாளி பாபிக்குக் கல்யாணத்தில் அவருடைய அப்பா கொடுத்தது. ஹாஜியார். மசூதி கமிட்டியில் இருந்தவர். இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

தூக்குவாளியில் வெட்டியிருந்த அவர் பேர் பாட்டில் லேபிளுக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மற்ற எல்லாரும் கவனித்தார்கள். யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப, பாபியின் சொந்தக்காரர்கள் குரூப் வரைக்கும் போய்விட்டது.

சாயந்திரம் பாய் வந்தார். எப்போதும் உரிமையாக உள்ளே வந்து உட்காருகிற மனிதர், அன்று வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நீங்க குடிக்கிறது உங்க இஷ்டம். அத நான் கேக்க வரல. போட்டோல எங்க மாமனார் பேரு தெரியுது. அத மட்டும் எடுத்துடுங்க."

அந்த நிமிடமாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது என்ன தெரியுமா...

"ஸ்டேட்டஸ் தானே பாய். நாளைக்குத் தானா போய்டும்."

பாய் வாசல்படியிலிருந்து ஒரு அடி கீழே இறங்கினார்.

"சொந்தக்காரங்க உங்க பாபிக்கு போன் மேல போன் போட்டு, உங்க அப்பா பேர எங்க கொண்டு போய் வச்சிருக்காங்க பாருன்றாங்க. அவங்க உள்ள அழுதுனு இருக்காங்க தம்பி."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் போய்விட்டார். நான் போட்டோவை அழித்தேன். அழிக்கும்போது பார்த்தேன், தொண்ணூறு பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதே என்று செல்வி அதில் சர்க்கரை போட்டாள்.

"நீங்களும் வாங்க. பாபிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"நீயே குடுத்துட்டு வந்துடு" என்றேன்.

இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது. போட்டோ போட்டது புத்தியில்லாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. பயந்துகொண்டு பொண்டாட்டியை அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். போய்வந்த செல்வி சொன்னாள், பாபி தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "தம்பிக்கு பிரியாணி பத்துச்சா?" என்று மட்டும் கேட்டார்களாம்.

இன்றைக்கு ரீல்ஸைத் திறந்தால் ஆளாளுக்கு வைன் ஊற்றிக் காட்டுகிறார்கள். என் வீட்டிலும் கண்ணாடி கிளாஸ் வந்துவிட்டது. கொஞ்சம் நல்ல பாட்டிலாகவே வாங்குகிறேன். விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மார்க் போடுவதை மட்டும் அன்றோடு விட்டேன். அந்தப் பழைய டம்ளரில் இருந்த குஷியும் அன்றோடு போனது.

பாய் வீட்டு பிரியாணி இப்போதும் ஒவ்வொரு பக்ரீத்துக்கும் வருகிறது. பாயே கொண்டுவந்து, "சூடா சாப்பிடுங்க தம்பி" என்று சிரித்தபடி நீட்டுகிறார். ருசியில் குறைவில்லை, அளவிலும் குறைவில்லை. கத்திரிக்காய்கூட மறக்காமல் வருகிறது.

ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு எல்லாம் ஹோட்டல் பார்சல் மாதிரி பிளாஸ்டிக் டப்பாவில்தான்...

சாப்பிட்டு முடித்ததும் டப்பா குப்பைக்குப் போகிறது. திருப்பிக் கொடுக்கிற சாக்கில்கூட பாபி வாசலில் போய் நிற்க எனக்கு வழியில்லை.