மதியச் சாப்பாட்டில் மூண்ட போர்

நம்ப மாட்டீங்க. ஆனாலும் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன்.

இன்று அண்ணனும் நானும் அவர் மகளோடு கொடைக்கானலில் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். இசையும் விலங்கியலும் சேர்த்தே படிக்கலாமாம். பிள்ளைக்கு வாயெல்லாம் பல்.

அங்கேயே மதியச் சாப்பாடு முடிந்ததும் கல்லூரி முதல்வர் சொன்னார்: "இங்க அவங்கவங்க தட்டை அவங்கவங்களே கழுவணும். நானும்தாங்க."

வீட்டில் தண்ணிச் சொம்பைக்கூட நகர்த்தாத அண்ணன், பூம்பாறைப் பூண்டுக்காட்டுச் சிங்கம், கர்ஜித்தார்: "எந்திரி புள்ள! தட்டுக் கழுவவா காலேஜு?"

அவர் வீசிய தட்டு பட்டு யூக்கலிப்டஸ் மரங்கள் கழுத்தறுந்து சாய்ந்தன. பேராசிரியர்கள் பறந்துபோய் ஏரியில் விழுந்தார்கள். ரத்தம் பழனி வரை ஓடியது.

பிணக்குவியல் நடுவே மகள் சொன்னாள்: "இங்க இல்லன்னா எனக்குப் படிப்பே வேணாம்ப்பா."

சரி, மரமும் ரத்தமும் என் கைச்சரக்கு. அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக் குழாயடியில் தட்டுக் கழுவியது மட்டும் நிஜம்.

அண்ணியிடம் இதை யார் சொல்றீங்க?