அடியிலிருந்து மூன்றாவது பெட்டி

நேற்று கோப்பையின் விளிம்பு வரை ஊற்றினீர்கள், இன்று ஒரு விரல் குறைகிறது என்று யா-லிங் சொன்னால், சோயாப்பால் கடைக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வாக்குவாதம் செய்தால் மறுநாள் அளவுகோலோடு வந்து நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

ஐம்பத்திரண்டு வயது ஃபான் யா-லிங், இருபத்தாறு வருடமாக தைவானில், தைபேயை ஒட்டிய சுங்ஹேயில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கணினித் திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்துப் பிழைக்கிறாள். எத்தனை கோர், எத்தனை ஜிபி நினைவகம், எத்தனை வாட் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை ஒரு பக்கம் எழுதுவாள். அதே கார்டில் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை படம் தள்ளுகிறது என்று மறுபக்கம் எழுதுவாள். அவளுடைய இணையதளத்தில் அந்த அட்டவணையைப் பார்க்காமல் கார்டு வாங்குகிறவர்கள் குறைவு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை சூடுபட்டவள். ஒரு நிறுவனம் அனுப்பிய மாதிரிக் கார்டை ஓகோ என்று புகழ்ந்து எழுதினாள். ஜியாயி ஊர் வாத்தியார் ஒருவர் அதை நம்பி வாங்கிவிட்டு, "உங்கள் அட்டவணையில் உள்ள எண் என் வீட்டில் வரவில்லையே அம்மா" என்று கடிதம் போட்டார். நிறுவனம் பொறுக்கி எடுத்த சிப்பை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டு அவளுக்கு அனுப்பியிருந்தது. அந்தக் கடிதம் இன்னும் அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெட்கமும் அதோடுதான் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டாள். மாதிரிக் கார்டு எது வந்தாலும், குவாங்ஹுவா கணினிச் சந்தையில் தன் கையால் இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எழுதுவாள். போகும்போது மாஸ்க், தொப்பி எல்லாம் உண்டு.

"மாறுவேஷம் வந்தாச்சா லிங் அக்கா?" என்று இந்தத் தடவையும் கேட்டார் கார்டுக் கடைக்காரர். "மேல இருக்கறதே புதுசுதான், எடுத்துக்கங்களேன்."

"அடியிலேர்ந்து மூணாவது பெட்டிய எடு."

"அதுல என்ன தங்கமா வச்சிருக்கு?"

"மேல இருக்கறத யாரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. எடுன்னா எடு."

அன்று வழியில் ஒரு பச்சைப் பாக்கெட்டும் வாங்கினாள். கணினிப் பக்கத்தில் சோளப் பொரி பாக்கெட் ஒன்று இருந்தால் இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ளும் என்பது அந்த ஊர்க் கணினிக்காரர்களின் நம்பிக்கை. பச்சை நிறமாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. பழையதற்குத் தேதி முடிந்திருந்தது. சின்னது கிடைக்காததால் பெரிய பாக்கெட்டாக வாங்கிவந்து, சோதனை மேசையில் பழையது இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள். உலகத்தில் எதையும் நம்பாத யா-லிங் இதை மட்டும் நம்பினாள்.

நிறுவனம் ஒன்று இந்தத் தடவை அனுப்பிய மாதிரிக் கார்டு முந்தின நாளே நொடிக்கு நூற்றுப் பன்னிரண்டு படம் கொடுத்திருந்தது. கடைக் கார்டு நூற்று நான்கில் நின்றது. பெட்டியில் அச்சடித்த கணக்கு இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூன்று தடவை ஓட்டினாள், அதே நூற்று நான்கு. சூடு வேறு பன்னிரண்டு டிகிரி கூடுதல். "கடைக்குப் போறதுல சூட்ட இறக்க மட்டமான உலோகத்த வச்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாதிரிக் கார்டைச் சாட்சிப் பொருளாக உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அந்த நிறுவனத்தின் மேலாளர் ஜியானுக்குக் கடிதம் போய்விட்டது: "பொறுக்கி எடுத்த கார்டை எனக்கு அனுப்பியது யார்? வியாழக்கிழமை எல்லாவற்றையும் வெளியிடுவேன்."

கார்டை அனுப்பியது ஹுவாங் போ-ரென். ஆறு வருடம் இதே அறையில் அவளோடு வேலை பார்த்துவிட்டு, பிறகு அந்த நிறுவனத்துக்குப் போனவன். மறுநாள் மதியம் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டையைக் காணவில்லை. எந்த நிறுவனத்து ஆள் என்று மறைக்கப் பார்க்கிறான் என்று யா-லிங் நினைத்தாள்.

"நாடாவுக்குப் பின்னால நில்லு. கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள."

நிறுவனத்து ஆட்கள் வந்தால் நிற்பதற்கென்று தரையில் மஞ்சள் நாடா ஒட்டி வைத்திருந்தாள். போ-ரென் போய் நின்றான்.

"அக்கா, சத்தியமா நான் பொறுக்கல. வந்த சரக்குல கைக்குக் கிடைச்சத எடுத்து அனுப்பினேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

"மாதிரிக் கார்ட இன்னொரு தடவை ஓட்டுங்க. இப்பவும் நூத்திப் பன்னெண்டு வந்துச்சுன்னா என் பேர் போட்டே எழுதுங்க."

அவள் உறையைக் கிழித்து, கார்டை மாட்டி, ஓட்டினாள். இருபது நிமிடம் ஆனது. திரையில் நூற்று நான்கு வந்தது.

"என்னடா பண்ண?"

"நான் எங்க பண்றது? கைதான் பாக்கெட்டுல இருக்கே!"

அவனைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், பிறகு கார்டின் பக்கத்தில் பார்த்தாள். காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகளின் மேல் அந்தப் பெரிய பச்சைப் பாக்கெட், உப்பிய வயிறோடு அப்பிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு. கடைக் கார்டை மாட்டினாள். நூற்றுப் பதினொன்று.

போ-ரென் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"உன் அட்டை எங்க?" என்று கேட்டாள்.

"காலையில வாங்கிக்கிட்டாங்கக்கா. உங்க கடிதத்தப் பார்த்ததும்."

யா-லிங் போனை எடுத்தாள். "தப்பு என்னுதுடா" என்று சொல்லிவிட்டு உடனே மேலாளர் ஜியானைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"போ-ரென் இப்ப எங்க இருக்கான்?" என்றார் ஜியான்.

"இங்கதான், என் எதிர்ல."

"உங்ககிட்ட ஆறு வருஷம் வேலை பார்த்தவன். இப்ப உங்க அறையிலயே நிக்கறான். நேத்து ராத்திரி திருடன்னீங்க, இன்னிக்கு மதியம் உத்தமன்கறீங்க. நான் எத நம்பறது?"

அவர் இடத்தில் இருந்தால் இதையேதான் அவளும் கேட்டிருப்பாள். "நம்பாதீங்க" என்றாள். "நீங்களே கடையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க. நீங்களே மாட்டி ஓட்டுங்க. நான் தொடமாட்டேன்."

நாலு மணிக்கு ஜியான் வந்தார். மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருந்தார். கையில் ஒரு பெட்டி இருந்தது.

"அடியிலேர்ந்து மூணாவது" என்றார்.

யா-லிங் யாரும் சொல்லாமலே மஞ்சள் நாடாவுக்குப் பின்னால் போய், கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு போ-ரென் பக்கத்தில் நின்றாள். ஜியான் மேசையைக் குனிந்து பார்த்தார், அடியில் தடவினார், ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். முதல் தடவை நூற்றுப் பதினொன்று. அவர் நம்பவில்லை. இரண்டாம் தடவை நூற்றுப் பன்னிரண்டு. அப்போதும் திரும்பி அவர்கள் இருவரின் கைகளைத்தான் பார்த்தார். பன்னிரண்டு வருடமாகத் தான் மற்றவர்களைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் தடவையும் நூற்றுப் பதினொன்று வந்த பிறகு, ஜியான் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். போ-ரென் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"முடிஞ்சுதுக்கா. கைய வெளிய எடுங்க" என்றான்.

அவளுக்கு எடுக்க மனம் வரவில்லை.