வங்காளத்தாரின் தலைப்பாகை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாசல் பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு ஓட்டோக்காரருக்கும் விளங்காது. வங்காளப் பள்ளிக்கூடம் என்று சொல்லுங்கள், வாய் மூடுமுன் ஓட்டோ கிளம்பிவிடும்.

ஏன் வங்காளம்? அதற்கு எங்களிடம் பெரிய கதையே இருந்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு பெரியவர் துறைமுகத்தில் இறங்கி, படிப்பில்லாமல் திரிந்த பொடியன்களைக் கண்டு மனமிரங்கி, இதைத் தொடங்கினாராம். அவர் சன்னியாசி என்றார் ஒரு வாத்தியார். இன்னொருவரின் கதையில் அவர் அரிசி வியாபாரி. கடலில் குளிக்கும்போது ஒரு சுறா வந்து அவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது என்று ஐந்தாம் வகுப்பில் நானே அளந்துவிட்டிருக்கிறேன். அடுத்த வருசம் ஒருவன் அதைப் பேச்சுப்போட்டியில் சொல்லிப் பரிசும் வாங்கினான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மண்டபத்தில் அந்தப் பெரியவரின் உருவம் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டிய படமல்ல. எங்கள் சித்திர வாத்தியார் சுவரிலேயே பெயின்றால் வரைந்தது. வெள்ளைத் தாடி, பூசணிக்காய் அளவில் ஒரு தலைப்பாகை, கீழே 'எங்கள் ஸ்தாபகர்' என்று எழுத்து. எந்த மூலையில் நின்றாலும் அந்தக் கண்கள் நம்மைத்தான் பார்க்கும். அவர் பார்க்கிறார், அவர் பார்க்கிறார் என்று சொல்லியே எங்களை அடக்கி வைத்திருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வந்து படித்த என் கூட்டாளி ஒருவன் மட்டும் அந்த உருவத்தைப் பார்த்துச் சிரிப்பான். பயமே இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆண்டு விழா மலருக்குப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி அதிபர் என்னைக் கேட்டார். "நீங்கள் இப்ப சும்மாதானே இருக்கிறியள், ஐயா" என்றார். பென்சன் எடுத்தவனிடம் இப்படிச் சொன்னால் கோபம் வருமா, வராதா? வந்தது. ஆனாலும் அச்சில் பெயர் வரும் ஆசை யாரை விட்டது? சரி என்றுவிட்டேன்.

உடனே பாலையூற்றில் இருக்கும் அக்காவிடம் பெருமையடிக்கப் போனேன். எங்கள் அப்பாவும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். வங்காளப் பெரியவரைப் பற்றி அப்பா ஏதும் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். அக்கா மீன் வெட்டிய கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வங்காளமோ? அது வங்களாப் பள்ளிக்கூடமடா. வெள்ளைக்காரத் துரை இருந்த வங்களாவிலதான் அப்பா ஆக்கள் படிச்சவை. உனக்கு ஆர் வங்காளம் எண்டு சொன்னது?"

ஆர் சொன்னதா? ஊரே சொன்னது! நம்பமுடியாமல், அப்பாவின் காலத்து ஆட்களில் மிஞ்சியிருந்த இரண்டு மூன்று பேரையும் போய் விசாரித்தேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். துரை விட்டுப்போன வீட்டில் உள்ளூர் வாத்தியார் ஒருவர் நாலைந்து பொடியன்களை இருத்திப் பாடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார். வங்களா என்ற சொல்லின் கடைசியில் நின்ற துணைக்கால் மெல்ல முன்னே நடந்துபோய் நடுவில் நின்றதும் சொல் வங்காளமாகிவிட்டது. வங்காளம் என்று வந்தபிறகு ஒரு ஆள் வேண்டும்தானே? ஆளுக்குத் தாடியும் தலைப்பாகையும் தாமாக முளைத்துவிட்டன.

எனக்குத் தலைகால் தெரியாத புளுகம். விழாக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் சுவரில் இருப்பது யார் என்று கேட்டார். ஒருத்தருமில்லை என்றேன் நான், பெரிய மேதாவி. இல்லாத ஒரு ஆளுக்குப் பிள்ளைகள் வருசா வருசம் மாலை போடுவது சரியில்லை, எப்படியும் விழாவுக்கு மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கிறோம், அந்தச் சுவரையும் சேர்த்து அடித்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

பெயின்ற் தருவதாக ஏற்றிருந்தவன் அந்தக் கிண்ணியாக் கூட்டாளிதான். இப்போது அவன் அங்கே ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். கூட்டம் முடிந்து அவனோடு வெளியே வந்ததும், இன்னொரு வாளி கூடத் தரவேண்டி வரும், கடையைப் பூட்டிவிட்டு ஓடிவிடாதே என்று பகிடி விட்டேன். அவன் என் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றான்.

"இது எண்ட வாப்பா, மச்சான்."

பிறகு மெதுவாகச் சொன்னான். பாலம் வருமுன் கிண்ணியாத் துறையைக் கடக்க ஒரு மிதவை ஓடியது. அதைப் பாதை என்போம். அவனுடைய வாப்பா அதில் வேலை செய்தவர். சித்திர வாத்தியாரும் அந்தப் பாதையில்தான் தினமும் வந்துபோவார். ஸ்தாபகரை வரையச் சொன்னால் அந்த மனுசன் முகத்துக்கு எங்கே போவார்? எதிரே நின்ற தாடியைப் பிடித்துக்கொண்டார். வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வாப்பாவும் சிரித்துக்கொண்டு சம்மதித்து, மகனுக்கு மட்டும் சொன்னாராம். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போய்ப் பல காலத்துக்குப் பிறகு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. வீட்டில் இருந்த அவருடைய படங்கள் ஒன்றுவிடாமல் அதோடு போய்விட்டன.

சுவரைப் போனிலாவது படம் எடுத்து வைத்துக்கொள் என்றேன், மடையன் மாதிரி.

"எடுத்து வெச்சிரிக்கன். உம்மாக்கும் காட்டினன். கண் மங்கின மனிசிக்கு அந்தச் சின்னப் படம் விளங்கல்ல. பொடியன்கள்ட பள்ளிக்கூடத்துக்குள்ள நான் எதுக்கு எண்டு அவ இங்க வந்ததே இல்ல. பெயின்ற் அடிக்க முந்தி ஒருக்காக் கூட்டிக்கு வரட்டா?"

அவ்வளவுதான் கேட்டான். சுவரை விடச்சொல்லிக் கேட்டிருந்தாலாவது நான் நாலு பகிடி விட்டிருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? அழுகை வந்துவிட்டது எனக்கு.

அடுத்தநாள் அதிபர் தேத்தண்ணி குடிக்குமுன் அவருடைய கதிரைக்கு முன்னால் போய் நின்றேன். வங்களா என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்ததுதான், வங்காளத்து மாதிரி வீட்டைத்தான் வங்களா என்கிறார்கள், ஆகவே சனம் சொன்னது முழுப் பொய்யுமில்லை என்று தொடங்கினேன். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். சுற்றி வளைப்பதை விட்டுவிட்டு, சுவரில் இருப்பவர் யார் என்று சொன்னேன். வங்காள ஸ்தாபகர் இல்லாமலே பள்ளிக்கூடம் நடந்துவிட்டது, ஆனால் மழையிலும் காற்றிலும் அந்த மனிதர் பாதையை ஓட்டியிராவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வந்தே இருக்கமாட்டார்கள் என்றேன்.

"அப்ப மாலை சரியான ஆளுக்குத்தான் விழுந்திருக்கு" என்றார் அதிபர்.

மாலை இனி வேண்டாம் என்று கூட்டாளி கேட்டுக்கொண்டான். மற்றச் சுவர்களுக்கெல்லாம் அவனுடைய பெயின்ற் ஏறியது. அந்தச் சுவரில் 'எங்கள் ஸ்தாபகர்' என்ற எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, வாப்பாவின் சொந்தப் பெயரை எழுதினார்கள்.

விழாவுக்கு முன்னைய சனிக்கிழமை, பொடியன்கள் இல்லாத நேரம் பார்த்து, அவன் உம்மாவைக் கூட்டிவந்தான். மகனின் கையைப் பிடித்தபடி உம்மா சுவருக்குக் கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கி, தாடியிலிருந்து மேலே மேலே பார்த்துக்கொண்டு போனார்.

"இந்த மனிசன் எனக்கு ஒருநாளும் தலைப்பாகை கட்டிக் காட்டல்லயே" என்றார்.

சொல்லிவிட்டு, அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தலையில் கிடந்த முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.