குளித்த தண்ணீரும் கொடி பீன்ஸும்

ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து ஒரே உறிஞ்சு. மாடிக் குளியல் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் ஜன்னல் வழியாக இறங்கித் தோட்டத்துப் பீப்பாய்க்கு வந்துவிடும். சில நாள் வாய்க்கும் வந்துவிடும். "இன்னிக்கு லாவெண்டர் சோப்பு போட்டிருக்கா" என்று துப்பிவிட்டுச் சொல்வார் வில்ஃப்ரெட் பார்ஜெட்டர். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி டோரீன் குளித்த தண்ணீரிலேயே தானும் குளித்து, அதையும் பீன்ஸுக்கு விடுகிற மனுஷன்.

கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. கேக் வெட்டினால் தாராளக் கை. தண்ணீர் என்றால்தான் அது சுருங்கிவிடும். முட்டை அவித்த தண்ணீர் ஆறியதும் ரோஜாவுக்குப் போகும். வெந்நீர் வரும்வரை குழாயில் வீணாக ஓடும் தண்ணீருக்கு அடியில் ஒரு ஜாடி காத்திருக்கும். வெயில் சாய்ந்த பிறகு செடியின் அடிமூட்டில் மட்டும் ஊற்றி, மேலே வெட்டிய புல்லைப் போர்த்துவார். புல்தரைக்கு ஒரு சொட்டு கிடையாது. "புல்லு சாகாது. மழை வந்தா தானே எந்திரிச்சுக்கும்" என்பார்.

அந்தக் கோடையில் மழை இங்கிலாந்தின் சஃபக் பக்கத்தையே மறந்துவிட்டது. ஹோஸ் பிடித்துத் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக் கூடாதென்று தடை. தெருவெங்கும் தோட்டங்கள் பிஸ்கட் நிறத்தில் கிடக்க, வில்ஃப்ரெட்டின் கொடி பீன்ஸ் மட்டும் கம்பேறிப் பச்சைப்பசேலென்று காய்த்துத் தொங்கியது. ஊர்க் கண்காட்சியில் நீளமான பீன்ஸுக்கு ஒரு பரிசு உண்டு. இத்தனை வருஷமும் இரண்டாம் இடத்துக்கு மேல் ஏறாத மனுஷனுக்கு, இந்தத் தடவை விடக் கூடாதென்று ஆசை.

பக்கத்து வீட்டு மில்ட்ரெட் டாப்செல்லுக்கு வேலிக்கு மேலே தெரிந்தது அந்த ரப்பர் ஹோஸ் மட்டும்தான். அது எங்கிருந்து இறங்குகிறது என்பதைச் சுவரில் படர்ந்த ஐவிக் கொடி மறைத்துவிட்டது. அவள் கண்காட்சிக் குழுவில் போய்ச் சொல்லிவிட்டாள். தடையை மீறியவர் காயைக் கண்காட்சி மேசையில் வைக்க விடமாட்டார்கள். விசாரிக்கக் குழுத் தலைவி ஆட்ரி ஃபென் வந்தபோது, இவர் பீப்பாயருகே குழாயும் கையுமாக நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் மில்ட்ரெட்.

"கையும் களவுமா நிக்கிறீங்களே, வில்ஃப்ரெட்" என்றாள் ஆட்ரி வருத்தமாக.

விளக்கம் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் அவருக்கு. "மோந்து பாருங்க" என்று குழாயை நீட்டினார். அவள் தயங்கிக்கொண்டிருக்கையில் மாடி ஜன்னலை மூடிய ஐவிக்குள்ளிருந்து டோரீனின் தலை எட்டிப் பார்த்தது, துண்டு சுற்றியபடி.

"ஏன்யா, உறிஞ்சினியா இல்லியா? தொட்டியில தண்ணி அப்படியே நிக்குது."

ஆட்ரி பீப்பாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குளித்த தண்ணீருக்குத் தடை ஏது? சிரித்து முடித்து, பீன்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல சோப்பு வாடை அடிக்காதே?"

"முதல் பரிசக் குடுத்துட்டுக் கடிச்சுப் பாருங்க."

உங்கள் காய்க்கு மேசையில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மில்ட்ரெட் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் மாலை வேலிக்கு மேலே, பாத்திரம் கழுவிய தண்ணீரோடு ஒரு பேசின் எழுந்தது. முகம் தெரியவில்லை; ஈரமான இரண்டு கைகள் மட்டும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வில்ஃப்ரெட்டும் கேட்கவில்லை. வாங்கிப் பீன்ஸின் மூட்டில் மெதுவாகச் சாய்த்தார். அடியில் ஒரு டீஸ்பூன் கிடந்தது. அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, காத்திருந்த கையில் வைத்தார்.