காலால் பிறந்தது என் குற்றமா?

நான் பிறக்கும்போது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. கல்யாணமாகி வந்த நாள் முதல், கழுத்துப் பிடிப்பு என்று யார் வந்தாலும் மாமியார் என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்.

போன வருஷம் மாசியில், பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய அண்ணன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பாயில் குப்புறப் படுக்க வைத்து, "நல்லா அழுத்தி மிதிச்சு வுடும்மா" என்றார் அண்ணன்.

காலைத் தூக்கியவள், படுத்திருந்தவரின் முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்தேன். "எங்கியாச்சும் வுழுந்தீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"புளிய மரத்துல இருந்து வுழுந்துட்டேம்மா. கையெல்லாம் மரத்துக் கெடக்குது" என்றார்.

காலைக் கீழே வைத்துவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"வூடு தேடி வந்தவங்கள தொரத்துறியே, அவ்வளவு கிராக்கியா ஒனக்கு?" என்று மாமியார் கத்தினார். அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பில் விரிசல் தெரிந்தது. மிதித்திருந்தால் கை கால் விளங்காமல் போயிருக்கும் என்றாராம் டாக்டர். அப்படி ஆகியிருந்தால், மிதிக்கச் சொன்னவர்களையா ஊர் ஏசியிருக்கும்?

இப்போது மாமியார், "எங்க மருமவ பாத்தே கண்டுபுடிச்சிருவா" என்று பெருமை பேசுகிறார். கூட்டம் இன்னும் கூடிவிட்டது. நான் யார்மேலும் கால் வைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறேன்.

போன மாதம் எனக்குப் பெண் பிறந்தது. அவளுக்கும் கால்தான் முதலில் வந்தது. நர்ஸம்மாவிடம் கெஞ்சி, தலைதான் முதலில் வந்தது என்று மாமியாரிடம் சொல்ல வைத்தேன்.

– பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்